அப்பாவின் கண்ணாடி வில்லை

ஜப்பான்காரன் காலத்தில், பீடோங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், என் வயிறு பசியால் எரிந்ததைவிடப் பொறாமையால் எரிந்ததுதான் அதிகம். காரணம் பக்கத்து வீட்டுக்காரி. என் வயதுதான். என்னோடு பால்மரம் வெட்டியவள்.

வெள்ளைக்காரத் துரை ஓடிய பிறகு, தோட்டத்து ஆஸ்பத்திரியில் கேட்பாரற்றுக் கிடந்த மருந்துப் பெட்டியை அவள் தூக்கி வந்தாள். அதன் சின்னச் சின்ன அறைகளில் பாம்புச் சட்டை, வௌவால் எலும்பு, இரண்டாகப் பிளந்த ரப்பர் விதை என்று அடுக்கினாள். செத்த வண்டின் முதுகில் கடிகாரச் சக்கரத்தை ஒட்டி, எந்தக் காட்டிலும் இல்லாத ஜந்து ஒன்றையும் உண்டாக்கினாள். மரவள்ளிக் கிழங்கைத் தின்று அலுத்த சனம் சாயங்காலமானால் அதைப் பார்க்கக் கூடியது.

கூடட்டும், எனக்கென்ன! ஆனால் அந்த ஜந்துவைப் பெரிதாகக் காட்டியது என் அப்பாவின் கண்ணாடி வில்லை. சயாமுக்கு ரயில் பாதை போட அவரைக் கொண்டுபோன அன்று, உடைந்த மூக்குக்கண்ணாடியில் மிஞ்சியிருந்த அந்த ஒன்றைக் கழற்றி அவளிடம் கொடுத்திருக்கிறார். அவள் கேட்டாளாம், இவர் கொடுத்தாராம். எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

அம்மா தினமும் அங்கே போய் அந்த வில்லையைக் கண்ணருகே பிடித்தபடி உட்கார்ந்திருப்பாள். என் முகத்தை ஏறிட்டுப் பார்க்க மட்டும் அவளுக்கு நேரமிருக்காது.

ஒரு காலையில், வெட்டு நின்றுபோன மரமொன்றைக் கீறிப் பால் பிடித்தேன். பக்கத்து வீட்டுக்காரி கிழங்குக் கொல்லைக்குப் போனதும் வில்லை முழுக்கப் பூசினேன். இனி எப்படிப் பார்க்கிறார்கள் பார்ப்போம்! பழக்கதோஷம், இறுகிவிட்டதா என்று கட்டைவிரலால் அழுத்தியும் பார்த்தேன். ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு. காய்ந்த பால் தோலாக உரிந்துவிடும் என்பது தோட்டத்தில் கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும்.

சாயங்காலம் எல்லார் முன்னாலும் அவள் அதை உரித்தாள். வில்லை முன்பைவிடப் பளபளத்தது. உரிந்த தோலில் என் கட்டைவிரல் ரேகை, பால்வெட்டுக் கத்தி பட்ட தழும்போடு.

அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். "நல்லதாப் போச்சுலா! ஒரு அறை காலியாத்தான் கெடந்துச்சு."

அம்மா வில்லையை வாங்கி அந்த ரேகையை வெகுநேரம் பார்த்தாள்.

"எம்மவளுக்கு இந்தத் தழும்பு எப்பம்மா பட்டுச்சு?" என்று அவளிடம் கேட்டாள்.

நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.