மணிப்புரிக் கணக்கில் பத்து உதை

இப்போது நான் லேப்டாப்பைத் திறந்தாலே ஓடிவந்து விலாவில் உதைக்கும் என் மகள், வயிற்றில் எட்டு மாதமாக இருந்தபோது ஒரு நாள் காலையிலிருந்து அசையவே இல்லை. டாக்டருக்குப் போன் செய்தேன். ஏதாவது சாப்பிட்டுவிட்டு இடது பக்கம் படுத்து எண்ணச் சொன்னார். இரண்டு மணி நேரத்துக்குள் பத்து அசைவு வராவிட்டால் நேரே ஆஸ்பத்திரிக்கு வரவேண்டும்.

கணவருக்கு மும்பை டிராம்பே அணுசக்தி மையத்தில் வேலை. உள்ளே செல்போன் கூடாது. மாட்டுங்காவில் இருக்கும் அம்மாவிடம் சொன்னதுதான் என் தப்பு. ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை போன்.

"எத்தனை ஆச்சுடீ? மூணுதானா? சரியா எண்ணறயோ?"

தமிழில் ஆரம்பித்து, இந்திக்குத் தாவி, எண்ணிக்கை தவறி, மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குவேன். அசைந்தது குழந்தையா, என் நடுக்கமா என்றே தெரியவில்லை.

எதிர் ஃப்ளாட்டில் இம்பால் பெண் ஒருத்தி இருந்தாள். செம்பூர் ஸ்டேஷன் பக்கம் பார்லரில் வேலை. அன்று அவளுக்கு லீவு. கூப்பிட்டேன். வந்ததும் என் போனை வாங்கி அணைத்தாள்.

"தீதி, உங்லி உடாவோ, பஸ்."

உதை வரும்போது விரலைத் தூக்குவது மட்டும் என் வேலை. எண்ணுவது அவள் பொறுப்பு.

"அமா," என்றாள் முதல் உதைக்கு. பிறகு அனி, அஹூம். அவளுடைய மணிப்புரி எண்கள். அந்தச் சொற்களில் எனக்குப் பயப்படத் தெரியாது. அதுவே பெரிய உதவியாக இருந்தது. தரேத் என்ற எண் வரைக்கும் வந்து நின்றது. வெகுநேரம் ஒன்றுமில்லை. கடிகாரத்தைப் பார்க்காதே என்றாள். பார்த்தேன்.

கடைசியில் என் விரல் எழுந்தது. "நிபான்."

எவ்வளவு என்று கேட்டேன். எட்டு என்றாள். ஆனால் அவர்கள் மொழியில் அந்தச் சொல்லுக்குப் பத்துக்கு இரண்டு குறைச்சல் என்று அர்த்தமாம். அடுத்தது மபான், ஒன்று குறைச்சல். வேறொரு நாளாக இருந்தால் தலையாட்டிவிட்டுப் போயிருப்பேன். அன்றைக்கு அப்படி எண்ணக் கண்டுபிடித்தவர்களைக் கும்பிடலாம் போல இருந்தது. இரண்டுதானே, வந்துவிடும் என்று எனக்கே தைரியம் வந்தது.

மபான் வந்தது. உடனேயே தரா, பத்து. இரண்டு மணி நேரம் முடிய இன்னும் கால்மணி இருந்தது. குழந்தை நிறுத்தவில்லை, இன்னொன்று விட்டது. அவள் அதையும் விடாமல் எண்ணினாள்: தராமதோய், பத்தைத் தாண்டி ஒன்று.

நான் வெட்கமில்லாமல் அழுதேன். அம்மாவுக்குப் போன் போட்டால் அங்கேயும் அழுகை. எதிர் ஃப்ளாட்டுப் பெண் எனக்குத் தண்ணீர் கொண்டுவர எழுந்தாள். அப்போதுதான் கவனித்தேன்: அவ்வளவு நேரமும் காலில் செருப்போடு, என் ஆஸ்பத்திரி ஃபைலை மடியில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறாள்.