தண்ணீர்த் தொட்டியில் ஐந்து படங்கள்

எழுபதுகளில், எண்ணூரில் நான் குமாஸ்தாவாக இருந்த ரசாயன ஆலையை ஒரே நீளப் படமாக எடுக்க ராயபுரத்துப் போட்டோக்காரர் ஒருவர் வந்தார். ஒல்லியான மனிதர். லென்ஸை ஊதி ஊதித் துடைத்துக்கொண்டே இருப்பார்.

அவரைத் தண்ணீர்த் தொட்டியின் உச்சிக்கு அழைத்துப் போனேன். “வைட் லென்ஸ் போட்டா ஒரே படத்துல வந்துடாதா?” என்று கேட்டேன்.

“ஓரம் வளைஞ்சி பூடும் நைனா. சாதா லென்ஸுல அஞ்சு தபா எடுத்து ஒட்டுனாதான் நேரா வரும்.”

மூன்றாவது படம் எடுத்ததும் அபாயச் சங்கு ஊதியது. கீழே மஞ்சள் புகை பரவ, ஆட்கள் வாயைப் பொத்திக்கொண்டு ஓடினார்கள். “இறங்குங்க!” என்று அவர் தோளைப் பிடித்து இழுத்தேன்.

“இன்னும் ரெண்டு கீது” என்று காமிராவைத் திருப்பினார். அவர் எடுத்து முடிக்கும்வரை நானும் பக்கத்திலேயே நின்றேன்.

புகை படிக்கட்டை எட்டுமுன் எப்படியோ இறங்கி, வாசலுக்கு ஓடித் தப்பினோம்.

“உங்களுக்குப் பயமே கிடையாதா?” என்றேன்.

“இன்னா நைனா, கடசி ரெண்டையும் கண்ண மூடிகினுதான் அமுக்குனேன்” என்றார்.

அத்தனை பயந்தவர் ஏன் இறங்கவில்லை, அவரை விட்டுவிட்டு நான் ஏன் ஓடவில்லை என்பது இன்றும் எனக்குத் தெரியவில்லை.