ஐந்தரை அடியில் நின்றுபோன ஸ்லைடர்

1. இழுத்தால் போதும்

பாறசாலை ரயில் நிலையத்துக்குப் போகும் வழியில் வரன் பார்த்துக் கொடுக்கும் தாசையன் அண்ணனின் கல்யாண பீரோ இருந்தது. தொண்ணூறுகளின் கடைசி அது. நெய்யாற்றின்கரையில் இருந்த போட்டி பீரோக்காரர் கம்ப்யூட்டர் வாங்கிவிட்டார் என்று கேள்விப்பட்ட வாரமே அண்ணனும் ஒன்று வாங்கினார். வாங்கிய பிறகுதான் அதை வைத்து என்ன செய்வது என்று யோசித்தார். அந்த யோசனையின் முடிவில் எனக்கு வேலை கிடைத்தது. எனக்கு இருபத்திமூன்று வயது. கையில் ஒரு கம்ப்யூட்டர் டிப்ளமா.

பொத்தான், பெட்டி, ஸ்லைடர் என்று எதையும் மவுஸால் இழுத்து ஃபாரத்தில் போட்டால் பாதி ப்ரோக்ராம் முடிந்துவிடும் சாஃப்ட்வேர் அப்போது வந்திருந்தது. மீதிப் பாதி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் திறக்கும் ப்ராப்பர்ட்டி பட்டியலை நிரப்புவது. பெண்ணின் உயரத்துக்கு நான் ஒரு பெட்டி வைத்திருந்தேன். அண்ணனுக்கு அது பிடிக்கவில்லை.

"மக்கா, எழுதச் சொன்னா ஆளுக கள்ளம் எழுதும். இழுக்கச் சொல்லு. கையி கள்ளம் சொல்லாது."

பெட்டியை எடுத்துவிட்டு ஸ்லைடரைப் போட்டேன். அதற்கு முழு எண்தான் பிடிக்கும் என்பதால் உயரத்தை அங்குலத்தில் வைத்து, மேலே அடிக்கணக்கில் காட்டச் செய்தேன். மினிமம், மேக்ஸிமம் இரண்டையும் அவரிடமே கேட்டேன்.

"குறைஞ்சது நாலரை அடி வை."

"கூடினது?"

"அஞ்சரை. அதுக்கு மேல உள்ள பெண்ண எவன் கேப்பான்?"

எனக்கும் அது நியாயமாகவே பட்டது. 54, 66 என்று அடித்தேன். முதலில் திறக்கும்போது எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்று கேட்ட வேல்யூ கட்டத்தை நான் தொடவில்லை. சாஃப்ட்வேர் தானே மினிமத்தை எடுத்துக்கொண்டது. எனக்கு இரண்டு நொடி மிச்சம்.

இதே ஸ்லைடரின் நகல் ஒன்றை மாப்பிள்ளை ஃபாரத்திலும் போட்டேன். எவ்வளவு உயரம் வரை உள்ள பெண் வேண்டும் என்று அவர்கள் இழுத்துக் காட்டினால், அதற்குள் அடங்கும் பெண்களின் பட்டியல் உயர வரிசையில் வந்துவிடும்.

2. ஒரு விஞ்ஞானக் கண்டுபிடிப்பு

ஸ்லைடர் ஊரில் பேச்சானது. அதியன்னூரிலிருந்து வந்த ஒரு தகப்பனார் மகளின் உயரத்தை முன்னும் பின்னும் நாலு தடவை இழுத்துப் பார்த்து, "இப்பம் கொள்ளாம்" என்று ஓரிடத்தில் விட்டார். அவருக்குப் பிடித்த இடம் அது. பெண்ணின் உயரம் அதுதானா என்று நாங்கள் கேட்கவில்லை.

பலர் மவுஸைத் தொடவே பயந்தார்கள். பெயர், வயது, சர்ச் சபை எல்லாவற்றையும் வாயால் சொல்லுவார்கள், நான் அடிப்பேன். உயரத்தில் வந்ததும், "அது செரியா இருக்கும், விடு மக்கா" என்பார்கள். நானும் விட்டுவிடுவேன்.

ஆறு மாதம் கழித்து அண்ணன் பட்டியலைப் பார்த்துவிட்டு வியந்தார். பாதிக்கு மேற்பட்ட பெண்களுக்கு உயரம் நாலரை அடி. எந்த மாப்பிள்ளை எவ்வளவு கேட்டாலும் அவர்கள் அத்தனை பேரும் பட்டியலில் வந்தார்கள்.

"நம்ம பக்கத்துப் பெண்ணுக குள்ளமாக்கும். கம்ப்யூட்டர் கண்டுபிடிச்சிருக்கு" என்று வந்தவர்களிடம் சொல்ல ஆரம்பித்தார். மரச்சீனிக் கிழங்கு அதிகம் தின்பதுதான் காரணம் என்று தன் பங்குக்கு ஒரு விளக்கமும் சேர்த்துக்கொண்டார். தெருவில் போகிற பெண்களை ஜன்னல் வழியே ஒரு தடவை பார்த்திருந்தாலே எங்கள் இருவருக்கும் விஷயம் விளங்கியிருக்கும். நாங்கள் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

3. ஜாஸ்மின் டீச்சர்

ஒரு சனிக்கிழமை காலை வாசல் கொஞ்சம் இருட்டியது. தலையைச் சற்றுக் குனிந்து உள்ளே வந்தார் ஒரு பெண். திருப்புறத்துப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர், பெயர் ஜாஸ்மின். அவருடைய அப்பா வந்து பதிந்துவிட்டுப் போனது எனக்கு ஞாபகம் வந்தது. மவுஸைத் தொடாதவர்களில் அவரும் ஒருவர்.

"நேத்து என்ன பெண்ணு காண வந்தாவ" என்றார் டீச்சர். "பாலராமபுரத்துல டிவி ரிப்பேர் கட வச்சிருக்க ஞானராஜ். நான் சாயா கொண்டு வந்தேன். அவருக்க அம்ம சாயாவ எடுத்துக்கிட்டு, பெண்ணு எங்கேன்னு கேட்டாவ. நானாக்கும் பெண்ணுன்னு சொன்னேன்."

அண்ணன் தொண்டையைச் செருமினார்.

"மாப்பிளைக்கு அஞ்சடி. அவரவிட குள்ளமான பெண்ணு வேணும்னு அவருக்க அம்ம இங்க வந்து இழுத்து வச்சிட்டுப் போனாவளாம். எல்லாரும் எந்திரிச்சிட்டாவ. நான் தட்டும் பிடிச்சு நின்னேன். எங்க அப்பா மூஞ்சியப் பாக்க முடியல்ல."

"அது கம்ப்யூட்டர் சொன்னதாக்கும் டீச்சர்."

"கம்ப்யூட்டர் என்னைப் பாத்திருக்கா?"

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் அவசரமாக டீச்சரின் ஃபாரத்தைத் திறந்தேன். நாலரை அடி. "இப்பவே திருத்திருதேன்" என்று ஸ்லைடரைப் பிடித்து வலது பக்கம் இழுத்தேன். ஐந்தரை அடியில் போய் நின்றது.

"இன்னும் ரெண்டு அங்குலம் உண்டு" என்றார் டீச்சர்.

மறுபடி இழுத்தேன். நகரவில்லை. ஏதோ வேகமாக இழுத்தால் தாண்டிவிடும் என்பதுபோல மூன்றாவது தடவையும் இழுத்தேன். டீச்சர் என் பக்கத்தில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதுல நான் இல்லியா பிள்ளே?"

அவர் கோபத்தில் கேட்கவில்லை. அவர் கேட்டது சாதாரணமாக, பஸ்ஸில் இடம் இருக்கிறதா என்று கேட்பதுபோல.

அன்றே இரண்டு ஃபாரத்திலும் மேக்ஸிமத்தை 76 ஆக்கி, டீச்சரின் உயரத்தைச் சரியாகப் பதிந்தேன். ஸ்லைடரைத் தொடாமல் விட்டால் ஃபாரம் சேவ் ஆகாதபடி செய்தேன். "வந்தவங்கள நிறுத்தி வச்சா நெய்யாற்றின்கரைக்காரனுக்க பீரோவுக்குப் போயிருவாவ" என்று அண்ணன் கத்தினார். நான் முதல் தடவையாக அவர் சொன்னதைக் கேட்கவில்லை. நாலரை அடி என்று இருந்த வீடுகளுக்கெல்லாம் கார்டு எழுதி உயரம் கேட்டேன். ஒரு வீட்டிலிருந்து "போதுமான உயரம்" என்று பதில் வந்தது. இன்னொரு வீட்டில், "மாப்பிள்ளைக்குத் தக்கபடி போட்டுக்கொள்ளவும்" என்று எழுதியிருந்தார்கள்.

4. கடைசிப் பக்கம்

இரண்டு வாரம் கழித்து ஞானராஜ் வந்தார், தனியாக.

"எனக்க ஃபாரத்த மாத்தணும்."

"அம்மா வரல்லியா?" என்று அண்ணன் கேட்டார்.

"தாலி கெட்டப்போறது நானில்லியா?"

மவுஸை அவரே வாங்கினார். ஸ்லைடரைப் பிடித்து வலது ஓரம் வரை ஒரே இழுப்பாக இழுத்தார். ஆறடி நாலு அங்குலம் வரை உள்ள பெண்கள் என்று திரை காட்டியது. மொத்தப் பட்டியலும் வந்தது. அவர் முதல் பக்கத்தைப் படிக்கவே இல்லை.

"கடசிப் பக்கம் போங்க" என்றார்.

கடைசிப் பக்கத்தில் கடைசிப் பெயர் ஜாஸ்மின். பள்ளிக்கூட மைதானத்துக்கு நானே போய், ஞானராஜ் மறுபடி வரலாமா என்று டீச்சரிடம் கேட்டேன்.

"அன்னைக்கு எல்லாரும் எந்திரிச்சப்பவும் சாயாவ முழுசாக் குடிச்சது அவரு மட்டுந்தான். வரச் சொல்லு."

அம்மாவைச் சம்மதிக்க வைக்க ஞானராஜுக்கு நாலு மாதம் பிடித்தது. பிறகு சபையில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்தார்கள், கல்யாணம் நடந்தது. பீரோவில் மாட்ட ஒரு படம் வேண்டும் என்று அண்ணன் ஃபோட்டோக்காரரிடம் சொல்லி, உயரம் தெரியாதபடி இரண்டு நாற்காலி போட வைத்தார். "நாங்க நின்னுக்கிடுதோம்" என்று டீச்சர் எழுந்துவிட்டார். ஞானராஜும் எழுந்து பக்கத்தில் நின்றார். "எனக்க கம்ப்யூட்டர் பொருத்தின ஜோடியாக்கும், ஒரு அங்குலம் பிசகாது" என்று அந்தப் படத்தைக் காட்டித்தான் அண்ணன் பல வருடம் தொழில் செய்தார்.

இப்போது பிள்ளைகள் ஒரு வரி ப்ரோக்ராம் எழுதாமல் முழு ஆப் செய்கிறார்கள். ஸ்லைடரின் மினிமம், மேக்ஸிமம், வேல்யூ என்ற அதே மூன்று கட்டங்கள் இன்றும் இருக்கின்றன. பெட்டி காலியாக இருந்தால் காலி என்று தெரியும். ஸ்லைடர் ஒருபோதும் காலியாக இருக்காது. யாரும் சொல்லாததையும் சொல்லிக்கொண்டே இருக்கும். ஆகவே தொடக்க இடத்தைத் தீர்மானித்து வையுங்கள். மேக்ஸிமத்தை அடிப்பதற்கு முன் அந்த எண்ணுக்கு அப்பால் யார் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். நான் கேட்கவில்லை. டீச்சரே வந்து என் பக்கத்தில் நிற்க வேண்டியதாயிற்று.