முழங்கால் பலகை

தச்சரை ஊரில் எல்லோரும், மரம் சீவும் கருவியின் பெயரால், இழைப்புளி என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயரை ஞானஸ்நானத்தன்று ஒருமுறை, கல்யாணத்தன்று ஒருமுறை சபையில் வாசித்ததோடு சரி. சொரசொரப்பான மரத்தைக் கண்டால் மனிதருக்குக் கை சும்மா இருக்காது. ஆடுகிற காலைச் சரிபண்ணச் சொல்லி நாற்காலியைக் கொடுத்தால், நாற்காலி மொத்தத்தையும் இழைத்து மினுக்கித் திருப்பித் தருவார். "விட்டா மாமியார் முகத்தையே இழைச்சிடுவாரு" என்று அவர் மனைவியே சொல்லிச் சிரிப்பாள். கேட்கக் கேட்க அவருக்குப் பெருமை. அந்தப் பெருமைதான் அவரைக் கவிழ்த்தது.

அம்மா போன பிறகு அவரை வளர்த்தது அக்கா. சலவைக் கடையில் நாளெல்லாம் நின்று துணி தேய்த்து, தம்பியைத் தச்சுப் பட்டறையில் சேர்த்துவிட்டவள். ஊரிலிருந்த சின்ன மெதடிஸ்ட் கோயிலின் சாவியும் அவளிடம்தான் இருந்தது. கூட்டுவது, மணியடிப்பது, ஜன்னல் சாத்துவது எல்லாம் அவள் வேலை. சம்பளம் கிடையாது. ஆனால் அந்தச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு அவள் தெருவில் நடந்தால், நடையே வேறு மாதிரி இருக்கும்.

கோயில் பிறந்த கதை கொஞ்சம் வேடிக்கையானது. வண்டி கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் பிரசங்கம் செய்துவந்த போதகர் ஒருவர், இங்கே வந்ததும் அச்சு முறிந்து நின்றுவிட்டார். வண்டி சரியாகும்வரை ஒரு மாட்டுக்கொட்டகையில் பிரசங்கித்தார். வண்டி கடைசிவரை சரியாகவில்லை, சபைதான் உண்டாயிற்று. பிற்பாடு கல்லும் மண்ணும் சுமந்து கோயில் கட்டியவர்கள், அந்த வண்டியின் அடிப்பலகையை எடுத்து, திருவிருந்தில் ரொட்டியும் ரசமும் வாங்க முழங்கால் போடும் இடத்தில் பதித்தார்கள். தலைமுறை தலைமுறையாக அவரவர் தம் இடத்திலேயே முழங்கால் போட்டுப் போட்டு, பலகையில் ஜோடி ஜோடியாகப் பள்ளம் விழுந்திருந்தது. ஜன்னலோரப் பள்ளம் அம்மாவுடையது. அம்மாவுக்குப் பின் அக்கா அதில்தான் முழங்கால் போடுவாள்.

கூரை ஒழுக ஆரம்பித்ததும், கோயிலைப் பூட்டிவிட்டு டவுன் சபையோடு சேர்ந்துகொள்ளுங்கள் என்று மேலிடத்தில் சொன்னார்கள். இப்போதைய போதகர் விடவில்லை. பழைய கட்டடங்களைக் காப்பாற்றுகிறவர்களுக்குப் போன் மேல் போன் போட்டு, ஒரு மேடம் நேரில் வந்து பார்க்க ஏற்பாடு செய்தார்.

அதற்கு முந்தின நாள் அக்கா தம்பியிடம் சாவியைக் கொடுத்தாள். "கதவுக் கீல் கிறீச்சுங்குது தம்பி. என்னன்னு பாத்துட்டு வா."

கீல் வேலை நொடியில் முடிந்தது. அதோடு வீட்டுக்குப் போயிருக்கலாம். கிளம்பும்போது பலகை கண்ணில் பட்டுத் தொலைத்தது. மேடும் பள்ளமுமாக, கறுத்துப்போய். நாளைக்கு வருகிறவர்கள் இதைப் பார்த்தால் இந்த ஊரில் ஒரு தச்சன் இல்லையா என்று கேட்க மாட்டார்களா? அவர் குந்தி உட்கார்ந்தார். சுருள் சுருளாக மரம் வந்து விழுந்தது. பொழுது சாய்வதற்குள் பலகை கண்ணாடி மாதிரி ஆகி, வார்னிஷும் ஏறிவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை. காலையில் எல்லோரும் பார்த்து அசரட்டும் என்றிருந்தார்.

காலையில் மேடம் டார்ச் அடித்துச் சுவரைப் பார்த்தார், உத்திரத்தைப் பார்த்தார், திருப்தியாகத் தலையாட்டினார். பிறகு, "அந்த முழங்கால் பலகை எங்க சார்? நீங்க அதைப் பத்திச் சொன்னதாலதான் நான் கிளம்பியே வந்தேன்" என்றார்.

போதகர் சிரித்தபடி கையை நீட்டினார். நீட்டிய கை அப்படியே நின்றது. குனிந்து பலகையைத் தடவினார், மறுபடி தடவினார். இழைப்புளிக்கு அப்போதுதான் உறைத்தது. தொழிலில் ஒருநாளும் தப்பு செய்யாத கை, இத்தனை பேருடைய முழங்காலையும் சீவி எறிந்திருக்கிறது. பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

"யார் பண்ண வேலை இது?" என்றார் சபைச் செயலாளர்.

"நான்தான் ஆள் வச்சு இழைக்கச் சொன்னேன். அழுக்கா இருந்துச்சு" என்றாள் அக்கா.

பெஞ்சுக்கடியில் ஒரு பொத்தான் கிடந்தால்கூட உரியவரைத் தேடிக் கொடுக்கிறவள், கோயிலுக்குள் நின்று முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாள். மறுக்க வேண்டியவர் பக்கத்திலேயே இருந்தார். கீலைப் பார்ப்பதுபோலக் கதவுப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கட்டடம் தப்பிவிடும் என்று சொல்லிவிட்டு மேடம் போனார். அக்கா தப்பவில்லை. செயலாளர் கை நீட்ட, அவள் இடுப்பிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்துவிட்டாள். சலவைக் கடைக்கு வந்தவர்களும் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. வெறும் இடுப்போடு அவள் நடந்து போனதைத் தம்பி பட்டறைக்குள்ளிருந்து பார்த்தார். பார்த்துவிட்டு உள்ளேயே உட்கார்ந்துகொண்டார். வேறென்ன சொல்ல, கோழைத்தனம்தான்.

திருவிருந்து ஞாயிறு வந்தது. உண்மையாக மனந்திரும்புகிறவர்கள் கிட்டி வரலாம் என்று போதகர் அழைத்தார். அக்கா எழுந்து போய் ஜன்னலோரம் முழங்கால் போட்டாள். போட்டவள் பள்ளத்தைத் தேடி, கொஞ்சம் இந்தப் பக்கம், கொஞ்சம் அந்தப் பக்கம் நகர்ந்தாள். அதற்கு மேல் இழைப்புளியால் உட்கார முடியவில்லை.

"இழைச்சது நான். அக்கா சொல்லல. அவங்களுக்கு ஒண்ணுமே தெரியாது."

"அப்ப இத்தனை நாளா ஏன்யா வாயத் திறக்கல?" என்றார் செயலாளர். செயலாளர் சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்து வந்து அக்கா பக்கத்தில் வைத்தார்.

இழைப்புளி அக்காவுக்கு அருகில் போய் முழங்கால் போட்டார். வார்னிஷில் முழங்கால் வழுக்கியது. "ஏன்க்கா அப்படிச் சொன்ன?" என்றார் அடிக்குரலில்.

"சாவிய உன்கிட்டக் கொடுத்தது நான்தானே."

தலை குனிந்தபடியே அவர் சற்று விலகினார். அக்கா அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "தள்ளிப் போகாத. இங்கயே போடு. ரெண்டு பேரா போட்டா பள்ளம் சீக்கிரம் விழும்."

எந்த மரம் எவ்வளவு காலத்தில் தேயும் என்பது அவருக்கா தெரியாது? அவர்கள் இரண்டு பேர் ஆயுளைச் சேர்த்தாலும் போதாது. போதகர் ரொட்டியோடு முன்னால் வந்து நின்றார். வாங்கிக்கொள்ள இழைப்புளிக்குக் கை எழவில்லை.