ஜன்னலுக்காக இடித்த சுவர்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பேய் பிசாசு நம்புகிற ஆள் இல்லை நான். திருப்பூரில் இருபது வருஷமாகக் கட்டிங் மாஸ்டர், அளந்து பார்க்காமல் எதையும் ஒத்துக்கொள்ளாத புத்தி. கம்பெனியில் யாராவது ஜெனரேட்டர் ரூம் பக்கம் உருவம் நின்றது என்று ஆரம்பித்தால், "போயி சோலியப் பாருங்க கண்ணு" என்று விரட்டிவிடுவேன். இதைக் கேட்டுவிட்டு நீங்களும் என்னை அப்படி விரட்டலாம், எனக்கு வருத்தமில்லை.

என் மனைவி சரசு பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லராக இருந்தவள். நெஞ்சு கெட்டுப்போய் இருமல் நிற்கவே இல்லை. பஞ்சுத் தூசி இல்லாமல் நல்ல காற்று வருகிற இடமாகப் பாருங்கள் என்றார் டாக்டர். குன்னத்தூருக்கு அந்தப் பக்கம், தோட்டங்களுக்கு நடுவில், வெகுநாளாகப் பூட்டிக் கிடந்த பழைய ஓட்டுவீடு ஒன்று கிடைத்தது. அவளை இன்னும் பத்து வருஷம் உயிரோடு வைத்துக்கொள்ள வேண்டும், அதற்காகத்தான் அந்த வீடு, வேறு எந்த ஆசையும் இல்லை. உடைந்த ஓடுகளை மாற்றி, தரை போட்டு, உள்ளே வெள்ளையடித்துக் குடிபோனோம். எல்லாம் சரி, அவள் படுக்கிற அறையில் மட்டும் ஜன்னல் இல்லை.

ஜன்னல் வைக்க வந்த கொத்தனார் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார். "ஏனுங்க, ஊடு பூரா மண்ணுச் செவுரு. இந்தத் திட்டு மட்டும் செங்கல்லுங்க. முன்னாடியே ஒருக்கா ஒடச்சு அடச்சிருக்காங்க. பக்கத்துல யாரையாச்சும் கேட்டுப்போட்டு ஒடைக்கலாமுங்க" என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. ஒருமுறை உடைத்த இடமென்றால் இன்னும் சுலபமாக உடையும், இதற்கு ஊரைக் கூட்டி யோசனை கேட்பதா என்று அவரை அனுப்பிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை சரசுவை முன்னறையில் படுக்கவைத்துக் கதவைச் சாத்திவிட்டு, நானே சம்மட்டி எடுத்தேன். யானை தன் தலையில் மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும் என்பார்களே, நான் செங்கல்லையே போட்டுக்கொண்டேன்.

ஜன்னல் அளவுக்குத்தான் இடிக்க நினைத்தேன். நாலு அடி அடித்ததும் அந்தத் திட்டு முழுவதும் தரைவரைக்கும் பொலபொலவென்று சரிந்தது. ஓர் ஆள் குனியாமல் வரலாம், அந்த அளவுக்கு வழி. தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்கி, மதியம் சரசுவை அழைத்துவந்து கட்டிலில் படுக்கவைத்தேன். "அப்பாடா, காத்து எப்படி வருது பாருங்க" என்று கண்ணை மூடிக்கொண்டாள். அவள் முகம் அப்படித் தெளிந்து பார்த்துப் பல மாதம் ஆகியிருந்தது, எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மூன்று மணி இருக்கும். முதுகைக் காட்டிக்கொண்டு சட்டியில் இடிபாட்டை அள்ளிக்கொண்டிருந்தேன். வெளியே யாரோ தொண்டையைச் செருமினார்கள். நம் ஊரில் யார் வந்தால் என்ன, முகத்தைப் பார்த்தா சொல்கிறோம்? குனிந்தபடியே "வாங்க, உள்ள வாங்க" என்றேன்.

திரும்பினால் ஒருவரும் இல்லை, வெயிலும் சோளத் தட்டும்தான். சரசு காலை மடக்கிக் கட்டிலில் இடம் விட்டாள். "ஏனுங்க, வந்தவருக்குத் தண்ணி குடுக்காம நிக்கறீங்களே?" என்றாள். சத்தியமாகச் சொல்கிறேன், நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் விடுங்கள், அவள் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, கட்டிலின் கால்மாட்டைப் பார்த்துச் சொன்னாள்.

சாயங்காலம் பக்கத்துத் தோட்டத்து அக்கா வந்தார். சுவரைப் பார்த்ததும் படியிலேயே நின்றுவிட்டார். எங்களுக்கு முன்னால் இந்த வீட்டில் இருந்தவர் அடைப்பு நட்சத்திரத்தில் செத்தவராம். அப்படிக் கெட்ட நேரத்தில் போனவர்களை வாசல் வழியாக எடுக்க மாட்டார்கள். சுவரை இடித்து அதன் வழியாக எடுத்து, திரும்பிவர வழி தெரியாதபடி உடனே அடைத்துவிடுவார்கள். "அவரு எங்க போனாலும் செருமிப்போட்டுத்தான் நொழைவாருங்க. கூப்படாம நொழைய மாட்டாரு, அத்தனை மரியாதிங்க" என்றார். மதியம் நான் வாங்க என்று கூப்பிட்டதை யாரிடமும் சொல்லவில்லை, அந்த அக்காவிடம்கூட.

அன்று முதல் சரசு கட்டிலின் ஓரத்தில் ஒருக்களித்தே படுத்தாள். நடுவில் படு என்றால், "பாவமுங்க, அவருக்கு எடம் வேணுமல்லங்க" என்பாள். காய்ச்சல் பிதற்றல் என்று டாக்டரிடம் போனோம், எந்த மருந்துக்கும் அது கேட்கவில்லை. பயந்துபோய் நானே செங்கல் வைத்து அந்த வழியை அடைத்தேன். காற்று நின்றது, இருமல் கூடியது. ஒரு மாதத்தில் போய்விட்டாள்.

பஞ்சாங்கம் பார்த்த பெரியவர்கள் தலையை ஆட்டினார்கள். அதே அடைப்பு. வாசல் வழியாகவே எடுங்கள் சாமி என்று காலைப் பிடித்துக் கெஞ்சினேன், யார் கேட்டார்கள்? நான் அடைத்த செங்கல்லையே இடித்து, அந்த வழியாகத்தான் என் சரசுவைக் கொண்டுபோனார்கள். சுடுகாட்டிலிருந்து நான் திரும்பி வருவதற்குள் சுவரைப் பூசியும் விட்டார்கள்.

இப்போது அந்த வீட்டில் நான் தனியாகத்தான் இருக்கிறேன். வீட்டுக்கு வருகிற சொந்தக்காரர்களைக்கூட வாங்க என்று சொல்வதில்லை, தலையை மட்டும் ஆட்டுவேன். மரியாதை தெரியாதவன் என்று பேசிக்கொள்கிறார்கள், பேசட்டும். ஞாயிறு மதியம் மூன்று மணிக்குச் சுவருக்கு வெளியே செருமல் கேட்கிறது. ஒன்றல்ல, இரண்டு. முதலில் ஒன்று, அதன் பின்னால் மெதுவாக இன்னொன்று. பின்னால் கேட்பது யாருடையது என்று எனக்குத் தெரியாதா, பதினெட்டு வருஷம் பக்கத்தில் படுத்துக் கேட்ட தொண்டை அது.

அவளைக் கூப்பிட்டால் முன்னால் நிற்கிறவரையும் கூப்பிட்டதாகிவிடும். பேய் பிசாசை நம்பாத நான் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அவளுக்காக வாங்கிய வீடு, அவள் வெயிலில் நிற்கிறாள், உள்ளே வா என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.