காயப்போட்ட சவ்வு

"ஈரத்தோட அனுப்பினா அது சரக்கா, துவைக்கப்போட்ட துணியா? உனக்குத் தொட்டி கழுவத்தான் தெரியும். போடி அந்தப் பக்கம்" என்று பெண்டாட்டியிடம் சீறினான் இஸ்திரி.

ஆசிட் ஷெட்டில் மேஸ்திரியாக இருந்துகொண்டு மடிப்புக் கலையாத சட்டை போடுகிறவனுக்கு வேறென்ன பட்டப்பெயர் வைப்பார்கள்? வாளியைத் தொடமாட்டான்; பெண்டாட்டிதான் அதே ஷெட்டில் தொட்டி கழுவினாள். கல்யாணத்தன்றுகூடச் சட்டை கசங்கும் என்று பெண்ணைவிட்டு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்த மகராசன்.

உப்புத்தண்ணீரை நல்ல தண்ணீராக்கும் மெஷினுக்கு அங்கே சவ்வு செய்கிறார்கள். வெறும் பிளாஸ்டிக் பிலிமில் மருந்தேற்றி ஆசிட்டில் ஊறவைத்தால் டீ நிறத்துக்கு மாறும். அப்புறம் கரண்டு கொடுத்தால் உப்பைத் தன் வழியே வெளியே விடும், தண்ணீரை விடாது. ஊறி உப்பிய பிறகு அது காயவே கூடாது, உப்புத்தண்ணீரிலேயே கிடக்க வேண்டும். முதலாளி இதை எல்லோரையும் நிற்கவைத்துச் சொன்னார். இஸ்திரியும் காதை வைத்துக்கொண்டுதான் நின்றான்.

ஆனால் ஊறின சவ்வுத் தாள் அலை அலையாக நெளியும். அது இவன் கண்ணில் முள்ளாகக் குத்தியது. வந்திருந்ததோ பெரிய ஆர்டர். நல்லபடியாகப் போனால் மாடியில் மேனேஜர் நாற்காலி உனக்குத்தான் என்று முதலாளி சொல்லியிருந்தார். பெண்டாட்டிக்கும் அந்த நாற்காலி மேல் ஆசை. இந்த மனுஷன் மேலே போய்த் தொலைந்தால் தொட்டியடியில் நிம்மதியாக மூச்சுவிடலாம் அல்லவா?

அவள் சொல்லச் சொல்லக் கேட்காமல் தாள்களைத் துடைத்து, ஃபேன் காற்றில் உலர்த்தி, கண்ணாடிகளுக்கு நடுவே அமுக்கிக் கட்டி அனுப்பினான். பார்க்கக் கல்யாணப் பத்திரிகை மாதிரி இருந்தது. போன சரக்கு முழுக்கத் திரும்பி வந்தது.

முதலாளி ஒரு தாளை எடுத்து வளைத்தார். சருகாக நொறுங்கியது. யார் காயப்போட்டது என்று கேட்டார். இஸ்திரி கொஞ்சமும் கூசாமல் பெண்டாட்டியைக் கைகாட்டினான்.

"நான் காயப்போட்டிருந்தா கொடியில போட்டிருப்பேன், முதலாளி. கண்ணாடி வச்சு அமுக்குற அளவுக்கு அழகு நான் எங்க பார்த்தேன்?" என்றாள் அவள்.

முதலாளி அவன் சட்டையை ஒருதடவை மேலும் கீழும் பார்த்தார். மேற்கொண்டு விசாரிக்கவில்லை. நாற்காலி வேறொருவனுக்குப் போனது, மேஸ்திரி வேலையும் போனது. இஸ்திரியைத் தொட்டி கழுவப் போட்டார்கள், பெண்டாட்டிக்குப் பக்கத்திலேயே.

அவள் விதியைப் பாருங்கள். காலையிலிருந்து சாயங்காலம் வரை ஆசிட் பட்டுப் பாதம் எரிகிறது, கால்விரல் வெந்துபோச்சு என்று காதோரம் ஒரே புலம்பல். பொறுத்துப் பார்த்தவள், கடைசியில் முட்டிவரை வருகிற ரப்பர் பூட்ஸ் ஒரு ஜோடி வாங்கி அவன் முன்னால் போட்டாள். விலை, அவளுடைய ஒரு வாரக் கூலி.