பாதி நகரம்

லிஃப்ட் கம்பெனியில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எல்லோருக்கும் அவர் 'மேப்பு'. நகரத்தின் எந்தச் சந்தில் எந்தக் கட்டடத்தில் லிஃப்ட் நின்றுபோனாலும் முதலில் போய் நிற்பவர் அவர்தான் என்று சூப்பர்வைசர் வைத்த பட்டப்பெயர் அது. ஒருவழிப்பாதை, முட்டுச்சந்து, புதிதாகப் போட்ட புறவழிச்சாலை எல்லாம் அவருக்கு அத்துப்படி என்று சக மெக்கானிக்குகள் நம்பினார்கள். சந்தேகம் வந்தால் அவரிடம்தான் வழி கேட்பார்கள். அவரும், "இருப்பா, கையில வேலை இருக்கு, அஞ்சு நிமிஷத்துல நானே கூப்பிடுறேன்" என்பார். சொன்னபடி கூப்பிட்டுச் சரியான வழியும் சொல்வார்.

அந்த அஞ்சு நிமிஷத்தில் அவர் மனைவிக்குப் போன் போட்டிருப்பார் என்பது ஒருவருக்கும் தெரியாது.

உண்மை என்னவென்றால், மனிதருக்குத் திசை என்பதே கிடையாது. பிறந்து வளர்ந்த ஊரிலேயே மூன்றாவது திருப்பத்தில் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல் ஆகிவிடுவார். போன வழியிலேயே திரும்பி வரச் சொன்னாலும் அது அவருக்கு வேறொரு தெருவாகத் தெரியும். கை மட்டும் பொன்னான கை. லிஃப்ட் கதவு உராயும் சத்தத்தை வைத்தே எந்த உருளை தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். ஆனால் அந்தக் கதவுவரை போய்ச் சேர வேண்டுமே!

அதற்குத்தான் மனைவி இருந்தார். வீட்டின் முன்னறையில் திரைச்சீலை தைத்துக் கொடுப்பது அவர் தொழில். தையல் மெஷினுக்கு எதிர்ச்சுவரில் நகரத்தின் பெரிய வரைபடம் ஒட்டியிருந்தது. கணவர் வேன் ஓட்டிக்கொண்டே காதில் ஒயர் மாட்டிப் பேசுவார், இவர் மெஷினை நிறுத்தாமல் நிமிர்ந்து பார்த்து, "பெட்ரோல் பங்க் வந்துச்சா? தாண்டாதீங்க, அதுக்கு முன்னாடியே சோத்துக்கை பக்கம்" என்பார். வருஷக்கணக்காக இப்படித்தான் ஓடியது. இது வேறு யாருக்கும் தெரியக் கூடாது என்று கணவர் மனைவியிடம் கேட்டுக்கொண்டிருந்தார். மனைவியும் வாயைத் திறந்ததில்லை.

ஒரே ஒருநாள் திறந்துவிட்டார். மனைவியின் அண்ணன் குடும்பத்தோடு விருந்துக்கு வந்திருந்த மதியம். பேச்சு எங்கெங்கோ சுற்றிவிட்டு, "மாப்பிள்ளைக்கு என்ன, ஊரே உள்ளங்கையில" என்று மைத்துனர் பாராட்டியதும் அந்த அம்மாளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "நீ வேற அண்ணா! நான் போன்ல சொல்லலைன்னா இவரு கம்பெனி வாசல்லயே வேனைச் சுத்திச் சுத்தி ஓட்டிக்கிட்டு இருப்பாரு" என்று போட்டு உடைத்தார். மைத்துனருக்குச் சிரித்துப் புரையேறியது. மேப்புவின் மகளும் சிரித்தாள். அவரும் கூடச் சேர்ந்து சிரித்தார். ஆனால் காதெல்லாம் சுட்டது. கை கழுவப் போனவர் வெகுநேரம் குழாயடியிலேயே நின்றார்.

மறுவாரமே மேசையின் அடியறையைக் குடைந்து ஒரு பழைய பொருளைத் தேடி எடுத்தார். சில வருஷங்களுக்கு முன் உதிரிபாகக் கணக்குக்கென்று கம்பெனி எல்லோருக்கும் கொடுத்த கையடக்கக் கம்ப்யூட்டர் அது. உள்ளங்கை அகலத் திரை, குத்தி எழுத ஒரு பிளாஸ்டிக் குச்சி. பிறகு கம்பெனி வேறு முறைக்கு மாறியதும், "நீங்களே வச்சுக்கோங்க" என்று விட்டுவிட்டார்கள். அதில் செயற்கைக்கோளைப் பிடித்து வழிகாட்டும் கருவியைச் சேர்க்கலாம் என்று எங்கோ படித்திருந்தார்.

பழைய எலக்ட்ரானிக் சாமான்கள் விற்கும் கடையில் ரிப்பேர் பார்க்கும் பெண் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "செய்யலாம் சார். ஆனா ஒரு சிக்கல். மேல கார்டு போடுறதுக்கு ஒரே ஒரு சொருகுவாய்தான் இருக்கு. சேட்டிலைட் ரிசீவரை அதுல சொருகிட்டா, மேப் இருக்கிற கார்டை எங்க சொருகுறது? மேப்பை உள் மெமரியிலதான் ஏத்தணும். அதுல முழு ஊரும் கொள்ளாது."

"எவ்வளவு கொள்ளும்?"

"பாதி ஊரு."

அவர் யோசித்தார். கம்பெனி பராமரிக்கும் கட்டடங்களில் பெரும்பாலானவை ஆற்றுக்கு இந்தப் பக்கம்தான். "இந்தப் பாதியைப் போடும்மா" என்றார்.

தட்டையான ரிசீவரைச் சொருகியதும் அந்தச் சின்ன கம்ப்யூட்டர் தலையில் திமில் முளைத்ததுபோல் ஆனது. வேனின் சிகரெட் லைட்டர் துளையிலிருந்து கரண்டு, கண்ணாடியில் ஒட்டிய ரப்பர் தாங்கி. "கிளம்புறதுக்கு முன்னாடி வெட்டவெளியில கொஞ்ச நேரம் நில்லுங்க சார். அது மேல பார்த்துச் சேட்டிலைட்டைப் பிடிக்கணும். அவசரப்படுத்தாதீங்க" என்று சொல்லி அனுப்பினாள்.

முதல் தடவை திரையில் ஒரு சிறு அம்புக்குறி முளைத்து, அது தன் வேனோடு சேர்ந்து திரும்பியபோது அவருக்குக் கண் கலங்கிவிட்டது. நான் இங்கே இருக்கிறேன்! ஐம்பதை நெருங்கும் வயதில் முதன்முறையாக, யாரையும் கேட்காமல், தான் எங்கே இருக்கிறோம் என்று அவருக்குத் தெரிந்தது. அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து, "இனிமே நீ சிரமப்பட வேண்டாம். உன் வேலையைப் பாரு" என்றார். பெருந்தன்மையாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டார். விருந்தன்று வாங்கிய அடிக்குத் திருப்பிக் கொடுத்ததுபோலத்தான் அது வெளியே வந்தது. அடுத்த நாள் சுவரில் வரைபடம் இருந்த இடம் மட்டும் வெளுப்பாகத் தெரிந்தது.

சில வாரங்கள் எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. பிறகு ஒரு முற்பகலில் கம்பெனியிலிருந்து ஓர் அழைப்பை அவருக்குத் திருப்பிவிட்டார்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. அங்கே வழக்கமாகப் போகிற மெக்கானிக் விடுப்பில். காவலாளிதான் பேசினார்.

"சார், நாலாம் மாடிப் பெரியவர் ஒருத்தர் லிஃப்ட்டுக்குள்ள மாட்டிக்கிட்டாரு. வயசானவரு சார், சீக்கிரம் வாங்க. பாலம் இறங்கினதும் ரெண்டாவது இடது, தண்ணித்தொட்டி வரும், அதை ஒட்டின மாதிரியே உள்ள வாங்க. பச்சை கேட்டு."

"தெரியும் தெரியும்" என்றார் மேப்பு.

பாலத்தின் நடுவில் திரை வெறுமையானது. அம்புக்குறி மட்டும் சாம்பல் நிற வெளியில் தன்னந்தனியாக நகர்ந்தது. தெருவும் இல்லை, பெயரும் இல்லை. பாலத்தை விட்டு இறங்கியபோது காவலாளி சொன்னது ரெண்டாவது இடதா, ரெண்டு தெரு தாண்டி இடதா என்று குழம்பியது. ஒரு தெருவில் நுழைந்தார். மரக்கடை. திரும்பினார். மறுபடி அதே மரக்கடை. கைப்பேசியை எடுத்தார். மனைவியின் எண் முதலாவதாக இருந்தது. விரலை வைத்தார், 'உன் வேலையைப் பாரு' என்று சொன்னது நினைவுக்கு வந்தது, எடுத்துவிட்டார். தெருவில் போகிற ஒருவரைக் கேட்டிருக்கலாம். ஆனால் வேனின் பக்கவாட்டில் கம்பெனி பெயர் கொட்டை எழுத்தில் இருந்ததே! இறங்கிக் கேட்கக் கூசியது. சூப்பர்வைசர் கூப்பிட்டு, "மேப்பு, எங்கய்யா இருக்க?" என்றபோது, "வந்துட்டேன் சார், பக்கத்துலதான்" என்று வாய் கூசாமல் சொன்னார்.

கடைசியில் மரக்கடைக்காரரே தெருவுக்கு வந்து, "என்னங்க, அப்பவே புடிச்சு இங்கயே சுத்துறீங்க? எங்க போகணும்?" என்று கேட்டார். பச்சை கேட் பின்தெருவிலேயே இருந்தது.

மோட்டார் அறைக்கு ஓடி, மோட்டார் சக்கரத்தைக் கையால் சுழற்றி லிஃப்ட்டைத் தளத்துக்கு இறக்கி, கீழே வந்து கதவைத் திறந்தார். வெளியே குடியிருப்பின் செயலாளர், இரண்டு மூன்று பெண்கள், காவலாளி. உள்ளே பெரியவர் நின்றுகொண்டிருந்தார். மடிப்புக் கலையாத சட்டை, பளபளவென்று துடைத்த காலணி, கையில் ஒரு செய்தித்தாள். அதை இடுப்புக்குக் கீழே விரித்துப் பிடித்திருந்தார். கால்சட்டையின் ஈரம் அதற்கும் கீழே வழிந்து, தரையில் தேங்கியிருந்தது.

பெரியவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை. மேப்பு தன் நீலநிற வேலைக்கோட்டைக் கழற்றி அவர் இடுப்பைச் சுற்றிக் கட்டினார். பெரியவர் தலையைக் குனிந்தபடியே படிக்கட்டைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறினார்.

அவர் மறைந்த பிறகுதான் செயலாளர் வெடித்தார். "என்னய்யா சர்வீஸ் இது? எவ்வளவு நேரம்? ஏன் இவ்வளவு லேட்டு?"

மேப்புவின் வாயிலிருந்து அந்தச் சொற்கள் தானாக வந்தன. "வாட்ச்மேன் வழியைத் தப்பா சொல்லிட்டாரு சார்."

"ஐயோ, இல்ல சார். சரியாத்தான் சொன்னேன். தண்ணித்தொட்டின்னு சொன்னேனே சார்" என்று காவலாளி அவர் முகத்தையே பார்த்தார்.

"சொல்லலை" என்றார் மேப்பு.

செயலாளர் காவலாளி பக்கம் திரும்பி அத்தனை பேர் முன்னிலையிலும் கிழித்துத் தொங்கவிட்டார். ஒரு விலாசத்தைக்கூட ஒழுங்காகச் சொல்லத் தெரியாதவனை வாசலில் நிறுத்தியிருக்கிறோமே என்றார். மேப்பு கருவிப்பெட்டியை அடுக்குவதுபோல் குனிந்துகொண்டார். நிமிரவே முடியவில்லை.

சில நாள் கழித்துச் சூப்பர்வைசர் டீ குடித்துக்கொண்டே சொன்னார்: "அந்த வாட்ச்மேனை அங்கேருந்து தூக்கிட்டாங்களாம்யா. நல்லதாப் போச்சு, இல்லன்னா பழி நம்ம தலையில விழுந்திருக்கும்." மேப்பு டீயை வைத்துவிட்டு வெளியே போனார். அன்று மத்தியானமே வீட்டுக்குப் போய், மெஷின் எதிரே ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, ஒன்று விடாமல் மனைவியிடம் சொன்னார்.

மனைவி மெஷினை நிறுத்தினார். "என்னைக் கூப்பிடக்கூட உங்களுக்குக் கூசுச்சா?" என்று மட்டும் கேட்டார்.

காவலாளியைத் தேடிக் கண்டுபிடித்தார்கள். ஒரு கார் நிறுத்துமிடத்தின் பின்கேட்டில் காவலாளிகளை அனுப்பும் ஏஜென்சி அவரைப் போட்டிருந்தது. மனைவிதான் போனில் வழி சொன்னார். மேப்பு போய்க் கையைக் கூப்பினார். "தப்பு என்னோடது. நீங்க சரியாத்தான் சொன்னீங்க. நான்தான் வழி தெரியாம சுத்தினேன். மன்னிச்சிடுங்க."

காவலாளி கோபப்படவில்லை. ஒரு காரை உள்ளே விட்டுவிட்டு வந்து நிதானமாகச் சொன்னார்: "அன்னைக்கு எல்லார் முன்னாடியும் என்னைத் தலைகுனிய வச்சீங்க. இன்னைக்கு ஆளில்லாத இடத்துல வந்து மன்னிப்பு கேக்குறீங்க. இது எப்படி சார் சரியாகும்?"

சரியாகாதுதான். ஞாயிற்றுக்கிழமை காலை, குடியிருப்பின் கூட்டம் கீழ்த்தளத்தில் நடக்கும் என்று விசாரித்துக்கொண்டு போனார். செயலாளரிடம் அனுமதி கேட்டு, லிஃப்ட் கதவுக்குப் பக்கத்தில் நின்றார்.

"வாட்ச்மேன் சரியான வழிதான் சொன்னாரு. எனக்கு வழி தெரியாது. இந்த ஊர்ல எந்த வழியும் எனக்குத் தெரியாது. வீட்ல சொல்லித்தான் இத்தனை வருஷமும் ஓட்டினேன். அன்னைக்குக் கேக்க வெட்கப்பட்டேன். அதை மறைக்க அவர் மேல பழியைப் போட்டேன். நான் வந்து கதவைத் திறந்தப்ப..."

அப்போதுதான் படிக்கட்டின் கடைசிப் படியில் நாலாம் மாடிப் பெரியவர் நிற்பதைக் கண்டார். அன்றிலிருந்து அவர் லிஃப்ட்டில் ஏறுவதே இல்லையாம். மூச்சு வாங்க, கைப்பிடியைப் பற்றியபடி நின்றார். எல்லோரும் திரும்பி அவரைப் பார்த்தார்கள். மேப்பு அந்த வாக்கியத்தை அப்படியே விழுங்கினார். "அவ்வளவுதாங்க" என்றார்.

கூட்டம் கலைந்ததும் பெரியவரிடம் ஓடினார். "ஐயா, அன்னைக்கு என்னாலதான்..."

"யாரு நீங்க?" என்றார் பெரியவர்.

"லிஃப்ட் மெக்கானிக்குங்க. அன்னைக்கு..."

"எனக்கு ஒண்ணும் ஞாபகமில்ல" என்று பெரியவர் அழுத்திச் சொன்னார். கண்கள் கெஞ்சின. மேப்புக்கு உறைத்தது. தன் பாரத்தை இறக்கிவைக்க வந்த இடத்தில், அவர் எப்படியாவது மறக்கப் பார்ப்பதை மறுபடி இழுத்து வெளியே போட்டுவிட்டோம். "சரிங்க ஐயா, ஆள் மாறிப்போச்சு" என்றார்.

செயலாளர் காவலாளியைத் திரும்பக் கூப்பிட்டார். அவர் வரவில்லை. "மெக்கானிக் சொன்னது காதுக்கு வந்துச்சு. சந்தோஷம். ஆனா அந்த வாசல்ல இனிமே நிக்க மாட்டேன்" என்று சொல்லி அனுப்பினார். கம்பெனியில் மேப்புக்கு எச்சரிக்கை கிடைத்தது. கூட வேலை பார்க்கும் பையன்கள் கொஞ்சநாள் கேலி செய்தார்கள். கேலி புளித்துப்போனதும் விட்டுவிட்டார்கள். பட்டப்பெயர் மட்டும் மாறவில்லை. யாராவது அப்படிக் கூப்பிட்டால் இன்றும் அவருக்குச் சுருக்கென்கிறது.

அந்தக் கைக் கம்ப்யூட்டரை எடுத்துக்கொண்டு மனைவிதான் கடைக்குப் போனார். கம்ப்யூட்டரில் சொருகாமல் தனியாக வைத்தாலே ஒயரில்லாமல் அதற்குத் தகவல் அனுப்பும் ரிசீவர் ஒன்று இருக்கிறதாம். அதை வைத்தால் சொருகுவாய் கார்டுக்குக் கிடைக்கும், முழு ஊரும் கொள்ளும். அதைப் போட்டு வாங்கி வந்தார். இருந்தாலும் திரை தடுமாறுகிற இடங்களில் மேப்பு மனைவிக்குப் போன் போட்டுவிடுகிறார். தயங்குவதில்லை.

ஆற்றுக்கு அந்தப் பக்கக் கட்டடத்தின் பராமரிப்பை அவரே கேட்டு வாங்கிக்கொண்டார். மோட்டார் அறை மொட்டைமாடியில். லிஃப்ட் ஓடிக்கொண்டிருந்தாலும் படியேறித்தான் போவார். நாலாம் மாடி வந்ததும் காலணியைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, பெரியவர் வீட்டின் மூடிய கதவைத் தாண்டும்வரை சத்தமில்லாமல் நடப்பார்.